பாக்கெட் மிளகாய்த்தூளும் என் நெஞ்சு ஆபரேஷனும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மறதி வேறு. அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துபோகிறது. அடுப்புப் பக்கமே என்னை விடுவதில்லை என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை. முன்னதைப் பின்னால் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் மன்னிக்கணும்.

என் மகள் அத்திபெலேயில் இருக்கிறாள். பார்க்க வந்தபோது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "பாரம் தூக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார், பேனா ஒண்ணும் பாரம் இல்லை, எழுதும்மா" என்றாள். ஆள் எதிரில் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. கடைக்காரர் "என்னம்மா வேணும்" என்று கேட்டாலே பாதி சாமான் மறந்துவிடும். நோட்டு ஒன்றும் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் மர்பி டவுனில். கீழே நாங்கள், மேலே வேறு குடித்தனம், அதற்கும் மேலே மொட்டை மாடி. என் மாமியார் இருந்தவரைக்கும் ஒவ்வொரு சித்திரை மாசமும் வருஷம் முழுக்க வேண்டிய குழம்பு மிளகாய்த்தூளை அவரேதான் செய்வார். நிறத்துக்கு பேடகி மிளகாய், காரத்துக்கு குண்டூர் மிளகாய், அப்புறம் தனியா, மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம், கொஞ்சம் துவரம்பருப்பு, ஒரு பிடி அரிசி. மாடியில் நாலு நாள் காயவைத்து, வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, ஒரு பெரிய தகர டின்னில் கொட்டி மூடினால் அடுத்த சித்திரை வரைக்கும் கவலை இல்லை. அவர் போன பிறகு அந்த அளவும் டின்னும் என் கைக்கு வந்தன.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தத் தூள் என்றால் உயிர். கல்யாண வீட்டில் போய் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கம்மா தூள் இல்லையே" என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டு வருவார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் மிளகாய்த் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்தேன். மிளகாய் எல்லாம் படிப்படியாக உருண்டு எனக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்தது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். வீட்டில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள், டாக்டர் ரவிக்கை ஊக்கைக் கழற்றச் சொல்வார். அந்த வெட்கத்துக்கு மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். அப்போது இவர் ஒரு அபார்ட்மெண்டில் பகல் டியூட்டி செக்யூரிட்டியாகப் போய்க்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

மிளகாயை எல்லாம் எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மூலைக் கடையில் சாம்பார் தூள் பாக்கெட் ஒன்று, வெறும் மிளகாய்த்தூள் ஒன்று, கறி மசாலா பாதி என்று வாங்கிக் கலந்து, மாமியார் டின்னில் கொட்டிவிட்டேன். சாயங்காலம் இவர் வருகிற நேரம் பார்த்து நாலே நாலு மிளகாயை வாணலியில் போட்டு வறுத்தேன். தெருமுனை வரைக்கும் நெடி. இவர் தும்மிக்கொண்டே உள்ளே வந்து, "ஆயிடுச்சா வேலை?" என்றார் சந்தோஷமாக.

அன்றைக்கு வைத்த கத்திரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இந்த வருஷம் எங்கம்மா கையே வந்து கலந்த மாதிரி இருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதற்கப்புறம் நான் எப்படிச் சொல்வது?

காலி பாக்கெட் கவர்தான் பெரிய தலைவலி. எங்கள் ஏரியாவில் குப்பையை ஈரக்குப்பை, ட்ரை வேஸ்ட் என்று பிரித்துக் கொடுக்கணும். அதைப் பிரிப்பது இவர். பால் கவர் எத்தனை வந்தது என்று தெரிந்து வைத்திருக்கிற மனுஷன். அதனால் கவர்களை மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுபோய் எதிர் வீட்டு அக்கா குப்பையில் போட்டுவிட்டு வருவேன். இப்படியே மூன்று சித்திரை போனது.

போன மார்கழியில் அல்சூர் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா எதிரில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தது கீரைக் கட்டு மேலேயே, அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நெஞ்சில் ஜெல்லி மாதிரி ஒன்றைத் தடவி டிவியில் பார்த்தார்கள். பார்த்தது ஒரு பொம்பளைப் பிள்ளை, அதனால் தப்பித்தேன். ரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கிப்போய்விட்டது, மாற்றணும் என்றார்கள்.

பெரிய டாக்டர் கேட்டார். "படி ஏறினா மூச்சு வாங்குறது எவ்வளவு நாளா இருக்கும்மா?"

இவர் பக்கத்திலேயே நின்றார். நான் தரையைப் பார்த்து, "ஒரு மாசமா" என்றேன்.

"ஆமாம் சார்" என்று இவர் வேறு எடுத்துக் கொடுத்தார். "போன சித்திரையிலகூட நாலு கிலோ மிளகாயைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறி எறங்கினாளே. இரும்பு மாதிரி இருந்தா."

டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த வால்வை வெச்சுக்கிட்டு நாலு கிலோவா? ஒரு மாசத்துல இப்படி ஆகாதும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்."

நான் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "ஒன்றரை மாசம் இருக்கும்" என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்னவோ செய்தார்கள். முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சு சரியில்லை என்று வந்தவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள். பல்லில் சீழ் இருந்தால் புது வால்வுக்குப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அந்தப் புது வால்வும் மாட்டுடையதாம். இவருக்கு அதில் ஒரே சந்தேகம். "மாடா சார்? நாங்க மாடு சாப்பிடுறவங்கதான், அதனால ஒண்ணும் ஆகாதே?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர், "அதுக்குத் தெரியாதுய்யா" என்றார்.

எனக்கு இருந்த பயம் இதெல்லாம் இல்லை. மயக்க ஊசி. அந்த மயக்கத்தில் மனசில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று எதிர் வீட்டு அக்காதான் சொல்லிவைத்தார். அவருடைய நாத்தனார் பித்தப்பை ஆபரேஷனில் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, தன் வீட்டுக்காரர் மீசைக்குச் சாயம் பூசுகிறதைச் சொல்லிவிட்டாராம்.

"நீ தூள் விஷயத்தை ஒளறிடப் போற, பாரு."

"முன்னாடியே சொல்லிடட்டுமாக்கா? நெஞ்சைப் பொளந்து வெக்கப் போறாங்க. பொய்யோட போகக் கூடாதே."

"பைத்தியமா உனக்கு? உசுரோட வந்தா அப்புறமா நெதானமா சொல்லிக்கலாம். வரலைன்னா எதுக்குச் சொல்லணும், அவர் பாட்டுக்கு நிம்மதியா இருப்பாரில்ல. அதுவும் இல்லாம கவர் எல்லாம் எங்க வீட்டுக் குப்பையில போச்சு. என் பேரு வந்துச்சு, அவ்வளவுதான்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா என் கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தார். இவர் டீ குடிக்கப் போயிருந்தார். டாக்டரம்மா பொய்ப்பல் உண்டா, குறட்டை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "வேற யார்கிட்டேயும் சொல்லாதது ஏதாவது இருக்காம்மா? புகையிலை, நாட்டு மருந்து, அந்த மாதிரி? என்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இருக்கு டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். "எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"தினமுமா?"

"தினமும்தான். வெள்ளிக்கிழமை மட்டும் ரசம்."

"எவ்வளவு எடுத்துக்குவீங்க?"

"காய்க் குழம்புன்னா ரெண்டு கரண்டி. கறின்னா மூணு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம்தான் முழுக்கச் சொன்னேன். படியில் உட்கார்ந்தது, மிளகாய் உருண்டது, பாக்கெட், டின், எல்லாம். அவர் தூளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப மூணு வருஷமா படி ஏற முடியலை. டாக்டர் கேட்டப்ப ஒன்றரை மாசம்னு சொல்லியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

"மயக்கத்துல நான் பேசுவேனா டாக்டர்?"

"வாயில குழாய் இருக்கும்மா. பேசவே முடியாது."

நிம்மதியாக இருந்தது. "குழாய் எடுத்ததுக்கு அப்புறம்?"

"அப்புறம் உங்க பாடு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் சிவப்புத் தண்ணீரில் குளிக்கவைத்து, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றி, பின்பக்கம் திறந்திருக்கிற ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். கதவு வரைக்கும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நண்டு மாதிரி போனேன். அந்த நர்ஸ் கன்னடக்காரப் பெண், "ஹெதர்பேடி அம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே என்று அர்த்தம். நான் பயப்படவில்லை, வெட்கப்பட்டேன். கன்னடத்தில் வெட்கத்துக்கு என்ன சொல்வார்கள் என்று அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

கண் திறந்தபோது ஐசியூவில் இருந்தேன். குழாயை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாததால் எல்லாம் நீலப் புகையாகத் தெரிந்தது. நீலக் கவுன், நீலத் தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்துபோனார்கள். அதில் ஒரு டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து ஒன்றும் செய்யாமல், ஒன்றும் கேட்காமல் நின்றார். நல்ல டாக்டராக இருக்கிறார் என்று தோன்றியது. நேற்று டாக்டரம்மாவிடம் சொன்னதை இந்த டாக்டரிடமும் சொல்லிவிட்டால் நல்லது, எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

"டாக்டர், எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டில இருக்கறது பாக்கெட் தூள். மூணு வருஷமா நான் மாடிக்கே போகலை" என்றேன்.

அந்த டாக்டர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "சரிம்மா, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

வார்டுக்கு மாற்றின அன்றைக்குத்தான் தெரிந்தது. என் தம்பி சம்சாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தாள். இவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் கதை சொல்கிறார். "ஐசியூவுல எனக்கும் கவுன், தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு அஞ்சு நிமிஷம் பாருங்கன்னு விட்டாங்க. இவ என்னை டாக்டர்னு நெனைச்சுக்கிட்டா. டாக்டர், எங்க வீட்ல இருக்கறது பாக்கெட் தூள், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்கன்றா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நர்ஸ் சொன்னாங்க, இந்த ஆபரேஷன் ஆனவங்க ரெண்டு மூணு நாள் இப்படித்தான் ஏதேதோ பேசுவாங்க, மருந்தோட வேலை, மனசுல வெச்சுக்காதீங்கன்னு. பக்கத்துக் கட்டில் ஆளு மெஜஸ்டிக் பஸ் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய ஆளிடமே சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

"அது நெசம்தாங்க" என்றேன் மெதுவாக.

"பாத்தியா, இன்னும் எறங்கலை" என்றார் தம்பி சம்சாரத்திடம். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் இதே கதைதான். எதிர் வீட்டு அக்கா வந்தபோதும் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "ஐயோ பாவம், என்னமா பேசியிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு வாங்கி வந்த சாத்துக்குடியை உரித்துத் தானே சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, இருமினால் தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமணும். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள், அதில் மூன்று பந்து. மூச்சை இழுத்தால் பந்து மேலே போகணும். எனக்கு ஒன்றரைப் பந்துதான் ஏறியது. இவர் வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கிக் காட்டி, பத்து நிமிஷம் இருமினார்.

வேலையை விட்டுவிட்டு இவரே சமையலைப் பார்த்துக்கொண்டார். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், டின்னில் இருந்த தூளைப் போட்டுக் குழம்பு வைப்பார். "உப்பு இல்லைன்னாலும் அம்மா தூள் காப்பாத்துது பாரு" என்பார். மாசி முடிகிற நேரம் டின் காலியாகிவிட்டது. இந்த வருஷம் வெயிலும் சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், பை நிறைய மிளகாயோடு வந்து நிற்கிறார்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். அளவு எனக்குத் தெரியும், சின்னதுல பாத்திருக்கேன். இத்தனை வருஷம் நீ கஷ்டப்பட்டே, இந்த வருஷம் நான்."

எழுபத்திரண்டு வயசு அவருக்கு. காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவார். மத்தியானம் திருப்பிப் போட ஏறுவார். காக்காய் கத்தினால் ஏறுவார். சாயங்காலம் எடுத்துவர ஏறுவார். நான் கீழே கட்டிலில் நேராகப் படுத்துக்கொண்டு படியில் அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நான் சொன்ன பொய்யைத்தான் அந்த மனுஷன் தட்டில் வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் நெஞ்சில் ஆட்டுக்கல் உட்கார்ந்தால் என்ன செய்வது? அந்தக் கவலையில் எனக்குப் பந்து ஒன்றுகூட ஏறவில்லை.

நாலாம் நாள் ஜன்னலைத் திறக்காமலேயே மிளகாய் வறுக்க ஆரம்பித்துவிட்டார். நாலு மிளகாய் இல்லை, நாலு கிலோ. ஒரு நிமிஷத்தில் வீட்டுக்குள் கண் தெரியவில்லை. நான் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமுகிறேன், நெஞ்செலும்பில் போட்டிருந்த கம்பி எல்லாம் தனித்தனியாகப் பேசுகிறது. மேல் வீட்டில் தும்மல், எதிர் வீட்டில் தும்மல். "யாருடா தெருவுல மொளகாய் வெடி போட்டது" என்று ஒரு குரல். இவர் புகைக்குள்ளிருந்து, "அம்மா வறுக்கும்போதும் இப்படித்தான் வரும்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்.

புகை அடங்கின பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "என்னாங்க, நான் இப்ப நல்லாத் தெளிவா சொல்றேன். மூணு வருஷமா நாம சாப்பிட்டது மூலைக் கடை பாக்கெட் தூள். என்னால படி ஏற முடியலை. மறைச்சுட்டேன். நீங்க மாடிக்கு ஏறாதீங்க" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசினது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் என்னையே பார்த்தார். எழுந்துபோய் மகளுக்கு போன் போட்டார். "உங்கம்மாவுக்கு மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

அவள் போனிலேயே கத்தினாள். "நைனா, நெஞ்சு அறுத்தவங்க பக்கத்துல மொளகாயா வறுப்பாங்க? மூளைக்குக் காத்து போகாம இருந்திருக்கும், ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நானும் வரேன்."

"எதிர் வீட்டு அக்காவைக் கேளுங்க" என்றேன். இவர் போய்க் கேட்டார். அக்கா வாசலிலேயே நின்று, "எனக்கு என்ன தெரியும், நான் உண்டு என் வீடு உண்டுன்னு இருக்கறவ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு மகளும் வந்துவிட்டாள். பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேர் கேட்டார், சொன்னேன். என்ன கிழமை, என்ன ஊர், எல்லாம் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். நான் விரல் கணுவை எண்ணி, தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தேன். இவர் பக்கத்தில் நின்று தானும் மெதுவாகக் கழித்துப் பார்த்து, "எழுபத்தி எட்டு" என்றார்.

"அம்மா தெளிவா இருக்காங்க" என்றார் டாக்டர். "ஐயாவுக்குத்தான் ஒண்ணு கொறையுது. அப்படி என்ன தப்பாப் பேசினாங்க?"

இவர் தூள் கதை முழுக்கச் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இதை ஆபரேஷனுக்கு முந்தின நாளே மயக்க டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்களே. மூணு வருஷமா படி ஏற முடியலைன்னு எழுதியிருக்கு. அன்னிக்கு மருந்தே உள்ள போகலையே" என்றார். அப்புறம் இவரைப் பார்த்து, "மூணு வருஷமா மாடிக்கு மிளகாய் யாரு தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகள், "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோவில் திரும்பினோம். அல்சூர் ஏரி தாண்டினதும் இவர் கேட்டார்.

"எதிர் வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். கவரெல்லாம் அவங்க வீட்டுக் குப்பையிலதான் போச்சு."

"அப்ப எனக்குத்தான் தெரியலை."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரையை டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தலையணையைச் சரிசெய்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். எதிர் வீட்டு அக்கா சமாதானத்துக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்து அனுப்பினார். "குப்பைக்காரவங்க வீட்டுக் கேசரி எனக்கு வேணாம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சுவரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் வறுத்த மிளகாயை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். மில்லில் மிளகாய் அரைத்தவர்களுக்குப் பின்னால்தான் நிற்கணும். இவருக்கு அது தெரியாது. ராகி அரைத்த அம்மாவுக்குப் பின்னால் நின்று அரைத்து வந்துவிட்டார். தூள் செம்மண் மாதிரி இருந்தது. அன்றைக்கு வைத்த குழம்பு தட்டில் ஓடவில்லை, களி மாதிரி நின்றது. வெந்தயத்தை வேறு சீரகத்துக்குச் சமமாகப் போட்டிருந்தார். இரண்டு பேரும் எதிர் எதிராக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நல்லா இல்லை" என்றார்.

"ஆமாங்க."

"எங்கம்மா அளவு இல்லை இது."

"இல்லைங்க."

இன்னொரு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படியில உக்காந்தியே, அப்ப ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

இதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருஷமாக அவர் தூளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். "வலிச்சுது" என்றேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "காரம் ஜாஸ்தி" என்றார். அந்தக் குழம்பில் காரமே இல்லை.

இப்போது தினமும் காலையில் ஜன்னல் பக்கம் என்னை நிறுத்தி, "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். "நல்லா இருக்கு" என்றால் நம்புவதில்லை. "ஒரே மூச்சுல சித்திரையிலிருந்து பங்குனி வரைக்கும் சொல்லு" என்கிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று ஐப்பசி வரைக்கும் வந்தேன். ஒரு மாசத்தை விட்டுவிட்டேன் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் ஆஸ்பத்திரி விஷயம் எல்லாம் நான் ஞாபகத்திலிருந்து எழுதினது. ஐசியூவில் இருந்தது மூன்று நாளா, நாலு நாளா என்று தெரியவில்லை. பைல் இங்கிலீஷில் இருக்கிறது, எனக்குப் படிக்க வராது. என் மகளோ, படித்தவர்கள் வேறு யாராவதோ ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தால் திருத்தணும். டாக்டர் பேசினதைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பேன், அதையும் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். நான் பயந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.